பழைய ஸ்டேசனுக்கு பெயின்ற் அடிக்க காசு வருது, பீலி மாத்த காசு வராது. ஆரட்டப் போய்க் கேக்கிறது?

தண்டவாளத்தான் (தெகிவளை), செவ்வாய் இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசிச்சிட்டுக் கதையுங்கோ.

போன கிழமை வேலை முடிஞ்சு வரேக்க கடும் மழை. கரையோர லைன்ல ஒரு சின்ன ஸ்டேசன், பேர் வேண்டாம், ரயில் லேட் எண்டதால நாப்பது நிமிசம் அங்கயே நிண்டனான். நூறு வருசத்துக்கு மேலான கட்டடம். முன்பக்கம் கிட்டடியிலதான் பெயின்ற் அடிச்சவை, பாக்க நல்ல வடிவு. ஆனா நான் நிண்ட இடத்தில கூரைப் பீலி உடைஞ்சு தண்ணி குழாயால இறங்காம நேர சுவரில அடிக்குது, சுவர் ஈரத்தில கறுத்துப்போய் அந்தப் புதுப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது. ஒண்டை விரலால அமத்திப் பாத்தன். உடைஞ்சு உள்ளுக்க இருந்து சிவப்பு மா மாதிரி செங்கல் தூள் கொட்டுது. கூரை விளிம்பில பல்லுப்பல்லா வெட்டின மரப்பலகை தொங்குமே, அதில மூண்டு பல்லு இல்லை. நாலாவது பல்லு பாணைத் தண்ணியில போட்ட மாதிரி ஊறி ஒரு ஆணியில தொங்குது.

நாங்கள் பதினாலு பேர், எல்லாரும் வேலைக்குப் போற ஆக்கள், மூண்டு வருசமா ஞாயிறுகளில பழைய ஸ்டேசன்களைப் போய்ப் பாத்து படம் எடுத்து குறிப்பு எழுதிக்கொண்டு வாறம். இந்தப் பீலிக் கதைக்கு ஒரு கம்பனியிட்டப் போனம். நல்ல மரியாதையா கதைச்சவை, தேத்தண்ணியும் தந்தவை, கடைசியில கேட்டது ஒண்டுதான்: "எங்கட போர்ட் எங்க வைக்கலாம்?" முன் சுவருக்கு பெயின்ற் எண்டா நாளைக்கே தருவினமாம். பீலி மேல கிடக்கு, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கமாட்டினம், அதுக்கு காசில்லை. சரியெண்டு நாங்களே சேர்த்துக் குடுப்பம் எண்டு ஒரு அலுவலகத்துக்கு கடிதம் குடுத்தம். அங்க இருந்த அம்மாவும் நல்லவதான், ஆனா இந்தக் காசை எந்தத் தலைப்பில வரவு வைக்கிறது எண்டு அவவுக்கே தெரியேல்லை. பதினொரு மாதம் ஆச்சு, இன்னும் பதில் இல்லை.

எனக்கு விளங்கினது இதுதான். நாட்டில காசில்லை எண்டது பாதிதான் உண்மை. திறப்பு விழா வைக்கக்கூடிய வேலைக்கு காசு எங்கயோ இருந்து வருது. வருசா வருசம் கொஞ்சமா வேணும் எண்டா அந்தக் காசு வாறதுக்கு ஒரு வாசலே இல்லை. 1864 டிசம்பர் 27 கொழும்பில இருந்து அம்பேபுசைக்கு 54 கிலோமீற்றர் முதல் ரயில் ஓடின நாடு இது, 160 வருசம் தாண்டீட்டுது. தெரிஞ்சவை சொல்லுங்கோ, இதுக்கு வாசல் எங்க?

கொம்பனித்தெரு_பாய், செவ்வாய் இரவு 10.15

நானா உங்கட ஆதங்கம் விளங்குது. ஆனா ஒரு விசயம் நான் சொல்லணும், கோவிக்க வேணாம்.

நான் பொறந்து வளந்ததெல்லாம் கொம்பனித்தெருல. எங்கட ஸ்டேசன் விக்டோரியா காலத்து கட்டடம், கொழும்புல மிச்சமிருக்கிற பழைய ஸ்டேசன்கள்ல ஒண்டு. வாப்பா என்னை ஸ்கூலுக்கு கூட்டிட்டு போற நேரம் அந்த வளைவு வாசலுக்கு கீழ நிக்க வச்சு தலை வாரி விடுவார், எனக்கு இன்னும் ஞாபகம். ஆனா அதே கொம்பனித்தெருல எங்கட சனத்துட வீடுகள் எத்தனை போச்சு? பெரிய பெரிய கட்டடம் வந்திச்சு, ரோட்டு அகலமாச்சு, பாலம் வந்திச்சு, எங்கட ஆக்கள் தொடர்மாடில போய் இருக்காங்க. ஸ்டேசனை காப்பாத்தணும்னு பேச ஆள் வருது, படம் எடுக்க ஆள் வருது, அதுக்கு பக்கத்துல இருந்த சந்தை, கடை, வீடு போகக்குள்ள வந்தவங்க கொஞ்சம் பேர்தான்.

ஸ்டேசன் வேணாம்னு சொல்ல வரல்ல. எனக்கும் அது வேணும். காசு சேர்க்க போறதுன்னா அந்த ஸ்டேசனை சுத்தி இருக்கிற சனத்துக்கும் அதுல ஒரு பங்கு, ஒரு சொல் இருக்கணும். இல்லாட்டி எங்களுக்கு அது வேற ஆக்கள்ட கட்டடம்.

பழைய_எஸ்எம் (இரத்மலானை), புதன் காலை 6.05

தம்பிமாருக்கு வணக்கம். நான் முப்பத்திநாலு வருசம் ரயில்வேயில, அதில பெரும்பகுதி ஸ்டேசன் மாஸ்டர். மலைநாட்டிலயும் இருந்தனான், வடக்கு லைன்லயும் இருந்தனான், 1990 ஜூனில வடக்கு ரயில் நிக்கேக்க கடைசி ஆக்களோட வெளிக்கிட்டனான்.

பீலி ஏன் மாத்துப்படேல்லை எண்டதுக்கு உள்ளுக்க இருந்த ஆள் எண்ட முறையில சொல்லுறன். ரயில்வேயில 'வே அண்ட் வொர்க்ஸ்' எண்டு ஒரு உபதிணைக்களம் இருக்கு. தண்டவாளமும் பாலமும் அவையின்ர பொறுப்பு, கட்டடமும் அவையின்ர பொறுப்பு. ஒரே கையால எல்லாத்தையும் பாக்கோணும். ஒரு இடத்தில தண்டவாளத்தைத் தாங்குற சிலிப்பர் கட்டை உக்கிப்போச்சு, இன்னொரு இடத்தில ஸ்டேசன் கூரை ஒழுகுது எண்டு ரெண்டு அறிக்கை ஒரே மேசைக்கு வந்தா எதுக்கு முதல் கையெழுத்து விழும்? சிலிப்பர் கட்டைக்குத்தான். நானா இருந்தாலும் அதுக்குத்தான் வைப்பன், அதில மனுச உயிர் இருக்கு. அதுக்குப் பிறகு காசு மிஞ்சினா கூரை. மிஞ்சுறேல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு கேக்கவே வேண்டாம், எஞ்சினுக்கு உதிரிப்பாகம் எடுக்கவே வழியில்லாம நிண்டவை.

முந்தி இப்பிடி இல்லை. அப்ப எங்கட செக்சனில ஒரு தச்சனும் ஒரு மேசனும் இருந்தவை. மாரி துடங்க முதல் ரெண்டுபேரும் ஏணியோட ஸ்டேசன் ஸ்டேசனா வருவினம். பீலியில இலை அள்ளுறது, ஓடு நகர்ந்திருந்தா தள்ளி வைக்கிறது, உக்கின பலகைக்கு ஒட்டு வைக்கிறது, ஒரு ஸ்டேசனுக்கு ஒரு நாள் போதும். அந்த ரெண்டு பேரும் பென்சன் போனாப் பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்கேல்லை. நீர் கண்ட அந்த நாலாவது பல்லு அண்டைக்கு துடங்கினது.

சுண்ணாம்பும்மணலும், புதன் மதியம் 12.50

ஐயா எழுதினதை வாசிச்சுட்டு வேலைக்கு நடுவுல எழுதுறேன். நான் கட்டடக்கலைஞர், பழைய கட்டடம் திருத்துற வேலைதான் அதிகம் செய்றேன்.

தண்டவாளத்தான் அண்ணா பாத்த அந்த சிவப்புத் தூள், அது வெறும் பீலித் தண்ணியால மட்டும் வாறதில்ல. அந்தக் காலத்து சுவர் எல்லாம் செங்கல்லை சுண்ணாம்புச் சாந்துல வச்சு கட்டினது. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரம் உள்ள போனாலும் வெயில் வந்ததும் வெளிய வந்துரும். பிறகு யாரோ ஒருத்தர் 'ஸ்ட்ரோங்கா' இருக்கட்டும்னு மேல சீமெந்து பூசுவாங்க, அதுக்கு மேல பிளாஸ்டிக் பெயின்ட். அவ்வளவுதான், ஈரம் உள்ளயே மாட்டிக்கும். கரையோர லைன்ல கடல் உப்பும் சேருது. அந்த உப்பு செங்கல்லுக்குள்ள படிகமா வளந்து செங்கல்லையே உள்ளருந்து நொறுக்கும். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். உள்ள மா.

ஒரு தடவை ஒரு வேலைல அப்பிடி ஒரு சீமெந்து பூச்சை உளியால தட்டி எடுத்தோம். ஒரு சாண் அகலத் தகடா கழண்டு வந்துச்சு, அதோட பின்பக்கம் பாத்தா செங்கல்லோட முகம் முழுசா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, சுவர்ல மிச்சம் இருந்தது குழி. மேசன் பாஸ் அதை கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. முப்பது வருசத்துக்கு முன்னால இப்பிடி பூசினதுல அவரும் ஒருத்தராம்.

இதை ஏன் சொல்றேன்னா, காசு வந்தாலும் தப்பான வேலைக்கு வந்தா கட்டடம் சீக்கிரமா சாகும். அந்த ஸ்டேசனுக்கு பெயின்ட் அடிச்சவங்க உதவின்னு நினைச்சுதான் செஞ்சிருப்பாங்க. சுண்ணாம்பு வேலை இப்ப விலை கூட, ஏன்னா கை தெரிஞ்ச ஆள் குறைவு. முந்தி தெற்குக் கரைல முருகைக்கல் சுட்டு சுண்ணாம்பு எடுத்தாங்க, இப்ப கடல்ல முருகைக்கல் எடுக்கிறது தடை, அது சரியான தடைதான். மாத்தளைப் பக்கத்து சுண்ணாம்பு கிடைக்குது, ஆனா நீற்றி, ஊற வச்சு, பொறுத்திருந்து செய்யணும். டெண்டர்ல 'நாப்பத்தஞ்சு நாள்ல முடிக்கணும்'னு போட்டா யார் ஊற வைப்பாங்க?

ஸ்காபரோ_பேரன், புதன் இரவு 11.30

கொழும்பில பிறந்து இப்ப கனடாவில இருக்கிறன். இஞ்ச இருந்து டிட்ரோயிட் நாலு மணித்தியால ஓட்டம், அங்க மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேசன் திறந்தாப் பிறகு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனான்.

1913ல திறந்த ஸ்டேசன், பின்னால பதினெட்டு மாடி அலுவலகக் கட்டடம். 1988 ஜனவரியில கடைசி ரயில் போனது. அதுக்குப் பிறகு முப்பது வருசம் செம்பு, மாபிள், விளக்கு எல்லாம் களவு போய் யன்னல் ஒண்டும் இல்லாம நிண்டது. 2018ல ஃபோர்ட் கம்பனி வாங்கி, 2024 ஜூனில திறந்தினம். என்னை உலுக்கின விசயம் என்னெண்டா, ஃபோர்ட் வாங்கின உடன ஆரோ ஒருத்தர் பேர் சொல்லாம ஒரு மியூசியத்துக்கு போன் பண்ணி, ஸ்டேசனில இருந்து காணாமப் போன பழைய மணிக்கூடு தன்னட்ட இருக்கு, எரிஞ்சுபோன ஒரு கட்டடத்தில சாத்தி வச்சிருக்கிறன், வந்து எடுங்கோ எண்டிருக்கிறார். இருபது வருசத்துக்கு மேல வச்சிருந்து திருப்பிக் குடுத்திருக்கிறார்! பிறகு வேற ஆக்களும் ஒவ்வொண்டாக் கொண்டு வந்து குடுத்திருக்கினம்.

அங்க இன்னொரு வழி இருக்கு. பழைய கட்டடத்தை முறைப்படி திருத்தினா செலவில 20 வீதத்தை வரியில கழிக்கலாம், அது அமெரிக்க மத்திய அரசின்ர சட்டம். அதாலதான் கம்பனிகள் இறங்குது. நியூயோர்க்கில பென் ஸ்டேசனை 1963ல இடிக்கத் துடங்கின பிறகுதான் சனத்துக்கு சூடு பிடிச்சு 1965ல நகரத்துப் பழைய கட்டடங்களைக் காக்கிற சட்டமே வந்தது. எங்கட நாட்டில இப்பிடி வரிச்சலுகை கேக்கலாமே? புலம்பெயர்ந்த ஆக்களிட்டயும் கேக்கலாம், ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குடுக்கிற சனம் ஸ்டேசனுக்கு குடுக்காதா?

கணக்குப்பெட்டி, வியாழன் காலை 7.20

மேல இருக்கிறவர் சொன்ன வரிக்கழிவு இங்க அப்பிடியே பொருந்தாது. அது வரி கட்டுற சொந்தக்காரனுக்குத்தான் பிரயோசனம். எங்கட ஸ்டேசன் எல்லாத்துக்கும் சொந்தக்காரர் அரசாங்கம், அரசாங்கம் தனக்குத்தானே வரி கட்டாது.

நான் அரச கணக்கு வேலையில இருந்தவன், அதனால தண்டவாளத்தான் கேட்ட 'வாசல் எங்க'ங்கிற கேள்விக்கு நேரா வாறன். ரயில்வே ஒரு திணைக்களம், கூட்டுத்தாபனம் இல்ல. டிக்கெட் காசு, காணிக் குத்தகை, கடை வாடகை எது வந்தாலும் அரசாங்கத்தோட பொதுக் கணக்கான திரட்டு நிதியத்துக்குத்தான் போகும், அது அரசியலமைப்பு 149ஆம் உறுப்புரையில இருக்கிற விசயம். திரும்ப எடுக்கணும்னா வரவுசெலவுத் திட்டத்துல பாராளுமன்றம் ஒதுக்கணும். ஒரு ஸ்டேசன்ல பழைய சாமான் அறையைத் திருத்தி தேநீர்க்கடைக்கு வாடகைக்கு விட்டா, அந்த வாடகையில அதே ஸ்டேசன் பீலியை மாத்த முடியாது. அந்தக் காசு கொழும்பு ஒண்டுக்கு, திறைசேரிக்குப் போயிடும். ஸ்டேசன் மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அவருக்கு அதுல ஒரு சதம் இல்ல.

தொல்பொருள் திணைக்களம் பாக்கட்டும்னு சிலர் சொல்லுவாங்க. நூறு வருசம் தாண்டின கட்டடத்தை 1940ஆம் வருசத்து தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வர்த்தமானியில போட்டுப் பாதுகாக்கலாம், சரி. ஆனா வர்த்தமானி இடிக்காம தடுக்கும், அனுமதி இல்லாம கை வைக்காம தடுக்கும். அதோட சேர்ந்து காசு வராது.

வாசல் ஒண்ணு இருக்கு, வேற வீட்டில. மத்திய கலாசார நிதியம். 1980ஆம் வருசத்து 57ஆம் இலக்க சட்டம். சிகிரியாவுக்கு டிக்கெட் எடுக்கிற காசு அந்த நிதியத்துக்குப் போய் பாதுகாப்பு வேலைக்கே திரும்பி வரணும்னு சட்டத்துல எழுதி வச்சாங்க. காலிக் கோட்டைக்கும் 1994ல தனிச் சட்டம் போட்டு ஒரு மரபுரிமை அமைப்பு வச்சாங்க. அப்போ ரயில் கட்டடத்துக்கு ஒரு நிதியம் போடுறது முடியாத காரியம் இல்ல, யாரும் இன்னும் போடல, அவ்வளவுதான். இங்கிலாந்தில 1985ல இருந்து ரயில்வே ஹெரிடேஜ் டிரஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரயில்வே பணத்துலயே ஒரு பங்கை ஒதுக்கி பழைய ரயில் கட்டடத்துக்கு மட்டும் மானியமா குடுக்கும், முழுச் செலவையும் தராது, மிச்சத்தை மத்தவங்க போடணும். அந்த மாதிரிதான் இங்கயும் நடக்கும்னு நினைக்கிறேன்.

எங்கிருந்து எடுக்கிறது? எல்ல பக்கம் போற ரயில்ல உல்லாசப் பயணிகளுக்கு முன்பதிவுல விக்கிற ஆசனத்துல இருந்து ஒரு சின்னப் பங்கு. அவங்க பாக்க வாறதே அந்தப் பழைய ஸ்டேசனும் பாலமும்தானே.

நானுஓயா_கொழுந்து, வியாழன் இரவு 8.45

அண்ணா, அக்கா எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் நானுஓயா பக்கத்து தோட்டத்துல பொறந்தவன், இப்ப கொழும்புல ஒரு கடையில வேலை. கணக்குப்பெட்டி அண்ணே சொன்ன யோசனை எனக்கு புடிச்சிருக்கு, ஆனா ஒன்னு சேத்து சொல்லணும்.

இந்த ரயில் பாதை எதுக்கு போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கோப்பியை மலையிலருந்து கொழும்பு துறைமுகத்துக்கு இறக்கத்தான். 1867ல கண்டி, 1885ல நானுஓயா, 1924ல பதுளை. கடுகண்ணாவை ஏத்தத்துல பாதை வெட்டினப்ப மலேரியாவுலயும் கொலராவுலயும் செத்துப்போனவங்கள்ல தமிழ்நாட்டுலருந்து கூட்டிட்டு வந்த சனம் எவ்வளவு பேருன்னு ஒழுங்கா பேர்ப்பட்டியல் கூட இல்ல. எங்க தாத்தா ரயில்வேல கேங் வேலை. தண்டவாளத்தை நடந்தே பாத்துட்டு வருவாரு, தோள்ல சுத்தியல், கையில சிவப்புக் கொடி. அவரு இருந்த கேங் லயம் ஸ்டேசனுக்கு கொஞ்சம் தள்ளி ரெண்டே ரெண்டு அறை, தகரக் கூரை, கருங்கல்லு சுவரு. இப்ப கூரை இல்ல, உள்ள மரம் மொளைச்சிருக்கு. ஒருத்தரும் அதை பாரம்பரியக் கட்டடம்னு சொல்றதில்ல. ஸ்டேசன் மாஸ்டர் பங்களாவை சொல்றாங்க.

நிதியம் போட்டா அந்த லயத்துக்கும் ஒரு வரி எழுதுங்க. நான் அவ்வளவுதான் கேக்குறேன்.

பழைய_எஸ்எம், வெள்ளி காலை 5.50

நானுஓயாத் தம்பி, உம்மட தாத்தா மாதிரி ஆக்களாலதான் நாங்கள் ராத்திரியில நிம்மதியா டப்லட் குடுத்தனாங்கள். மழை ராத்திரி எண்டா கேங்மன் வந்து "பாதை சரி ஐயா" எண்டு சொல்லுமட்டும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கொண்டே இருக்கும். இளையவைக்கு டப்லட் மெசின் தெரியாதாக்கும். ஒற்றைப் பாதையில ஒரு நேரத்தில ஒரு ரயில்தான் இருக்கலாம், அதுக்காக ரெண்டு ஸ்டேசனிலயும் ஒவ்வொரு மெசின், மணி தட்டி அடுத்த ஸ்டேசனைக் கேக்கோணும், அங்க இருக்கிறவர் விட்டாத்தான் எங்கட மெசினில இருந்து வட்டத் தட்டு வெளியில வரும், அது கையில இல்லாம ட்ரைவர் வண்டியை எடுக்கமாட்டார். பித்தளைக் கைபிடி, பிடிச்சுப் பிடிச்சு ஒரு பக்கம் தேஞ்சு மழமழ எண்டிருக்கும். கட்டடம் எண்டு நீங்கள் கதைக்கிறது எனக்கு அந்தக் கைபிடியும் சேர்த்துத்தான்.

வடக்குக் கதையும் சொல்லவேணும், காசு சேர்க்கிற கதை எண்டபடியால். 2009ல 'உத்துரு மித்துரு' எண்டு ஒரு திட்டம் துடங்கினவை. வடக்கு ரயில் பாதையையும் ஸ்டேசன்களையும் திருப்பிக் கட்ட பொதுமக்களிட்டயும் நிறுவனங்களிட்டயும் காசு சேர்க்கிறது. சிங்களச் சனமும் குடுத்தது, அதை நான் மறக்கமாட்டன். ஆனா பாதை போடுற பெருங்காசு கடைசியில இந்தியக் கடனில வந்தது, இர்கோன் எண்ட இந்திய அரசக் கம்பனி செய்தது, 2014 அக்டோபர் 13 யாழ்ப்பாணத்துக்கு ரயில் போனது. நான் அண்டைக்கு ஸ்டேசன் வாசலில நிண்டு அழுதனான். பேந்து யோசிச்சன், இதைக் கட்டினவை பராமரிக்க ஒண்டும் வச்சிருக்கேல்லையே எண்டு. கடனில கட்டலாம். கடனில ஒவ்வொரு மாரியும் இலை அள்ள ஏலாது.

கொம்பனித்தெரு_பாய், வெள்ளி மதியம் 2.10

ஐயா அந்த கைபிடி கதை வாசிச்சிட்டு ஜும்ஆ முடிஞ்சு வந்து எழுதுறன்.

எனக்கு ஒரு பயம் ஈக்குது, அதை சொல்லிடுறன். நிதியம், தனியார் பங்கு எல்லாம் வந்தா கடைசில ஸ்டேசனை ஹோட்டலாக்கி வாசல்ல காவலாளி நிப்பாட்டிருவாங்களோன்னு. கொழும்புல பழைய கட்டடம் கொஞ்சம் அப்பிடித்தானே அழகாச்சு. சீசன் டிக்கெட்ல போற மனுசன் உள்ள போக வெக்கப்படுற மாதிரி ஆகிட்டா பிறகு அது ஸ்டேசன் இல்ல.

சுண்ணாம்பும்மணலும், வெள்ளி மாலை 6.30

பாய், உங்க பயம் நியாயமானது. எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, கட்டடம் செஞ்ச வேலையையே தொடர்ந்து செய்யணும். சென்னைல ராயபுரம் ஸ்டேசன் 1856ல கட்டினது, 2005ல திருத்தினாங்க, இன்னைக்கும் சனம் அதே வழியாதான் போய் வருது. நம்ம மருதானை ஸ்டேசன் 1908, கோட்டை 1917, ரெண்டும் ஓயாம வேலை செய்துட்டு இருக்கிறதாலதான் நிக்குது. ஆள் நடமாட்டம் இருந்தா ஒழுக்கு யார் கண்ணுலயாவது படும்.

காலியான கட்டடம்தான் எனக்கு கவலை. மருதானைப் பக்கம் பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டடத்துல 2009ல ரயில்வே மியூசியம் வச்சாங்க, 2014 டிசம்பர்ல 150ஆவது வருசத்தோட மியூசியத்தை கடுகண்ணாவைக்கு கொண்டு போனாங்க. கடுகண்ணாவைக்கு அது நல்லது, நான் போய்ப் பாத்திருக்கேன். ஆனா கொழும்புலருந்து முதல் ரயில் புறப்பட்ட கதையை சொல்ற இடம் கொழும்புல வேணும்ல? நிதியம் வந்தா என் முதல் விருப்பம் அதுதான்.

தண்டவாளத்தான், வெள்ளி இரவு 10.05

எல்லாற்ற பதிலும் ரெண்டு தரம் வாசிச்சன். நான் துடங்கேக்க எனக்கு கோவம் மட்டும்தான் இருந்தது, இப்ப செய்யக்கூடியது எது எண்டு கொஞ்சம் தெரியுது.

கணக்குப்பெட்டி அண்ணை சொன்ன நிதியம்தான் கேக்கவேண்டியது. அதைக் கேக்கப் போகேக்க வெறுங்கையோட போனா "பாப்பம்" எண்டு அனுப்பிப்போடுவினம். ஆனபடியா எங்கட பதினாலு பேரும் ஒரு கணக்கு எடுக்கப்போறம். மருதானையில இருந்து பாணந்துறை மட்டும் ஒவ்வொரு பழைய ஸ்டேசனிலயும் பீலி எத்தினை அடி, அதில உடைஞ்சது எத்தினை அடி, எத்தினை ஓடு, எத்தினை பலகைப் பல்லு, எங்க சீமெந்து பூசியிருக்கு. பெயின்ற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டம். ஒரு வருசத்துக்கு ஒரு தச்சனும் ஒரு மேசனும் ஒரு ஏணியும் எண்டா என்ன செலவு எண்டு அதில இருந்து கணக்கு வரும். அதுதான் நாங்கள் கேக்கிற காசு. அதைவிடக் கூடக் கேக்கப்போறேல்லை.

கொம்பனித்தெரு பாய், உங்கட ஸ்டேசனுக்கு வரேக்க அக்கம்பக்கத்துச் சனத்தை நீங்கள் கூட்டிக்கொண்டு வாங்கோ, என்ன வேணும் எண்டு அவை சொல்லுறதையும் அதே கொப்பியில எழுதுவம். நானுஓயாத் தம்பி, கேங் லயம் படிவத்தில தனி வரியாப் போட்டாச்சு. கரையோர லைன்லயும் அப்பிடி இருக்கு, நாங்கள் இவ்வளவு நாளும் படம் எடுக்காம கடந்து போனது எங்கட பிழை.

முதல் நாள் வாற ஞாயிறு காலமை ஏழரை, மருதானை ஸ்டேசன் வாசல். உயரத்தில ஏறுற வேலை இல்லை, கீழ நிண்டு பாக்கிறதுதான், அனுமதிக் கடிதம் கையில இருக்கு. குடையும் கொண்டு வாங்கோ. மழை பெய்தா இன்னும் நல்லது, எங்க ஒழுகுது எண்டு தேடத் தேவையில்லை.

ஸ்காபரோ_பேரன், சனி அதிகாலை 1.15

படிவத்தை இஞ்சயும் ஒருக்காப் போடுங்கோ. எங்கட அம்மம்மா வீடு தெகிவளை ஸ்டேசனுக்கு பின்னால, அந்த ஸ்டேசனுக்குத் தச்சனின்ர ஒரு வருசக் கூலி என்னெண்டு கணக்கு வந்தா அதை நான் பொறுப்பெடுக்கிறன். போர்ட் ஒண்டும் வேண்டாம். எந்தத் தலைப்பில வரவு வைக்கிறது எண்டதை மட்டும் அண்ணைமார் கண்டுபிடியுங்கோ.

பழைய_எஸ்எம், சனி காலை 5.40

ஞாயிறு நானும் வாறன், முழங்கால் பிரச்சினை, மெல்ல நடப்பம்.

இன்னொண்டு, படிவத்தில சேருங்கோ. சில ஸ்டேசனில பிளட்போர்ம் கூரையைத் தாங்குற வார்ப்பிரும்புத் தூண் உள்ளுக்க கோறை. கூரைத் தண்ணி அதுக்குள்ளாலதான் கீழ இறங்கும், வெளியில குழாய் தெரியாது. அதனால மேல பீலியை மட்டும் பாத்து சரி எண்டு எழுதிப்போடாதையுங்கோ. தூணின்ர அடியில, தரையோட ஒட்டின இடத்தில கையை வச்சுப் பாருங்கோ. ஈரமா, துருப்பிடிச்சு ஊதி இருந்தா உள்ளுக்க இலை அடைச்சிருக்கு எண்டு அர்த்தம். எங்கட மேசன் ஒரு நீட்டுக் கம்பியில சாக்குத்துணி சுத்தி மேல இருந்து விடுவார். அந்தக் கம்பி வீட்டில ஒண்டு கிடக்கு, கொண்டு வாறன்.